துல்லிய அளவை: வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நில அளவையிலும் தொழிற்சாலை அலைன்மெண்டிலும் (மிஷின்களை நேராகப் பொருத்தும் வேலை) இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. வேலை பெரும்பாலும் பழைய வடஆற்காடு மாவட்டத்துக்குள்ளேயேதான்: ராணிப்பேட்டை சிப்காட், காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி, எப்போதாவது ஆரணி. ஷெட் கட்டுகிறவர்கள், ஃபிட்டர்கள், பாலிடெக்னிக் பிள்ளைகள், மனை வாங்கியவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். வரும் எண்களை நீங்களே கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம்; அப்படிச் செய்தால் எனக்கு மகிழ்ச்சி.

டேப் பிடித்து அளந்தால் போதாதா? டோட்டல் ஸ்டேஷன் எதற்கு?

டோட்டல் ஸ்டேஷன் என்பது ஒளியை அனுப்பித் தூரத்தையும், கூடவே கோணத்தையும் அளக்கும் கருவி. டேப்பும் நல்ல கருவிதான். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் டேப்புக்கு மூன்று நிபந்தனை உண்டு: எந்த வெப்பத்தில், எவ்வளவு இழுவையில், எதன் மேல் கிடத்தி அளந்தீர்கள்?

இரும்பு டேப்பில் அச்சிட்ட அளவு 20 டிகிரி வெப்பத்தில்தான் சரி. வெயிலில் கிடந்த டேப் 50 டிகிரியைச் சுலபமாகத் தொடும். 30 மீட்டர் டேப் அப்போது 10 மி.மீ. நீண்டிருக்கும், அதாவது நீங்கள் படிக்கும் அளவு 10 மி.மீ. குறைவு. அதே டேப்பைத் தாங்கல் இல்லாமல் அந்தரத்தில் பிடித்தால் நடுவில் தொய்யும். ஐந்து கிலோ இழுவை கொடுத்தாலும் 30 மீட்டரில் ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. கூடுதலாகக் காட்டும். ஒன்று குறைக்கிறது, ஒன்று கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்து சரியாகிவிடும் என்று நம்பி யாரும் பில்லர் போடக் கூடாது.

தரையில் கிடத்தி, ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்து, காலை ஆறு மணிக்கு அளந்தால் டேப்பில் 30 மீட்டருக்கு 2 மி.மீ.க்குள் கொண்டுவரலாம். துணி டேப்பும் ஃபைபர் டேப்பும் இந்தப் பேச்சிலேயே சேராது.

எனக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

செய்யப்போகும் வேலைதான் அதைச் சொல்லும். மனை எல்லைக்குச் சில செ.மீ. போதும். ஷெட்டின் ஃபவுண்டேஷன் போல்ட்டுக்கு 2, 3 மி.மீ. கிரேன் ஓடும் தண்டவாளத்துக்கு அதைவிட இறுக்கம். பம்ப்பும் மோட்டாரும் சேரும் கப்ளிங்குக்கு ஒரு மி.மீ.யில் இருபதில் ஒரு பங்கு.

இந்த வரிசையின் கடைசிப் படியும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஜவ்வாது மலையில் காவலூர் வைணு பாப்பு வானாய்வகத்துப் பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் அகலம். பெங்களூரில் தேய்த்து மெருகேற்றிய ஆடி அது. 1986-இல் இயங்க ஆரம்பித்தது. அப்படிப்பட்ட ஆடியின் வளைவை ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பங்குக்குள் வைத்தால்தான் நட்சத்திரம் புள்ளியாகத் தெரியும். அந்த மேடுபள்ளத்தை ஒளியால்தான் அளக்க முடியும், உலோக அளவுகோலால் முடியாது.

தேவைக்கு மேல் துல்லியம் கேட்டால் காசு வீண். குறைத்துக் கேட்டால் இடித்துக் கட்ட வேண்டும். எனவே வேலைக்கு ஆள் கூப்பிடும்போது "நல்லா அளந்து குடுங்க" என்று சொல்லாதீர்கள். "இத்தனை மி.மீ.க்குள் வேண்டும், அதை எப்படிச் சரிபார்த்துக் காட்டுவீர்கள்?" என்று கேளுங்கள். இரண்டாவது பாதி ரொம்ப முக்கியம்.

வெயில் காலத்தில் எந்த நேரத்தில் அளக்கலாம்?

சூரியன் ஏறுவதற்கு முன். "மரமில்லா மலை, நீரில்லா ஆறு" என்று வேலூரைச் சொல்வார்கள். அளவைக்காரனுக்கு அந்த இரண்டுமே பிரச்சினை. மொட்டைப் பாறையும் காய்ந்த மணலும் காலை ஒன்பது மணிக்கே சூடேறி, மேலே இருக்கும் காற்றை ஆட்டிவிடும்.

ஒரு மே மாதம் சிப்காட் பக்கம் ஒரு யார்டில் மட்டம் எடுத்துக்கொண்டிருந்தோம். லெவலில் (மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவி) கண் வைத்தால் 60 மீட்டருக்கு அப்பால் நிற்கும் ஸ்டாஃபின் (அளவு குறித்த நெட்டைக் கோல்) சிவப்பு-கறுப்புக் கட்டங்கள் தண்ணீருக்குள் கிடப்பது போல் நெளிகின்றன. 1.342-ஆ 1.346-ஆ என்று சொல்ல முடியவில்லை. ஸ்டாஃப் பிடித்திருந்த பையன் அசையாமல்தான் நிற்கிறான். கருவியைத் தார் ரோட்டோரம் வைத்திருந்தேன். கால் மணி நேரத்தில் ட்ரைபாட் கால் ஒன்று உருகிய தாரில் இறங்கி ரசமட்டக் குமிழி ஓரத்துக்கு ஓடிவிட்டது. அன்று மூட்டை கட்டிவிட்டோம். மறுநாள் விடிகாலை ஐந்தேமுக்காலுக்கு அதே வரிசையை எடுத்தபோது, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து மூடுகையில் 2 மி.மீ. வித்தியாசம்.

கண்ணுக்குத் தெரியும் நெளிவையாவது கண்டுகொள்ளலாம். தெரியாத ஒன்றும் உண்டு. தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேலே குளிர்ச்சியாகவும் இருப்பதால் பார்வைக் கோடே வளைகிறது. படம் தெளிவாக இருக்கும், அளவு தவறாக இருக்கும். இதற்கு மருந்து இரண்டு. பார்வைக் கோட்டைத் தரையிலிருந்து அரை மீட்டருக்குக் கீழே விடாதீர்கள். கருவியிலிருந்து பின்னால் இருக்கும் ஸ்டாஃபுக்கும் முன்னால் இருக்கும் ஸ்டாஃபுக்கும் தூரம் சமமாக இருக்கட்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்தால் கழிக்கும்போது பெரும்பாலும் அடிபட்டுப் போகும்.

பாலாற்றைத் தாண்டி மட்டம் கொண்டுபோவது எப்படி? நடுவில் கருவி வைக்க முடியாதே.

இரு கரையிலிருந்தும் எடுக்க வேண்டும். 500 மீட்டர் பார்வையில் பூமியின் வளைவும் காற்றின் வளைவும் சேர்ந்து சுமார் 17 மி.மீ. பிழை தரும். இந்தக் கரையில் கருவி வைத்து இரு ஸ்டாஃபையும் படியுங்கள். பிறகு கருவியை அந்தக் கரைக்குக் கொண்டுபோய் மறுபடி இரண்டையும் படியுங்கள். இரண்டு வித்தியாசங்களின் சராசரிதான் உண்மை. இரு பக்க வேலையும் ஒரே மணி நேரத்துக்குள் முடிந்தால் நல்லது; காற்று மாறினால் கணக்கும் மாறும்.

டோட்டல் ஸ்டேஷனில் வெப்பமும் காற்றழுத்தமும் கேட்கிறது. அப்படியே விட்டுவிடலாமா?

கூடாது. பெரும்பாலானவர்கள் அப்படியே விடுகிறார்கள். அதனால்தான் விரிவாகச் சொல்கிறேன்.

கருவி அளப்பது ஒளி போய்வரும் நேரத்தைத்தான். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. ஒளி கொஞ்சம் வேகமாகப் போகும். தூரம் குறைவாகத் தெரியும். ஒரு டிகிரி தவறினால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 மி.மீ. கருவியில் 20 டிகிரி என்று கிடக்கிறது, வெளியே 40 டிகிரி: கிலோமீட்டருக்கு 20 மி.மீ. போயிற்று.

அழுத்தத்தில் ஒரு பொறி இருக்கிறது. மொபைலில் வானிலை பார்த்து அழுத்தத்தை அப்படியே போடுகிறார்கள். வானிலைச் செய்தியில் வருவது கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்பட்ட அழுத்தம். வேலூர் கடல்மட்டத்திலிருந்து இருநூறு மீட்டருக்குச் சற்று மேலே. இங்கே உண்மையான அழுத்தம் சுமார் 25 ஹெக்டோபாஸ்கல் குறைவு. அதனால் கிலோமீட்டருக்கு இன்னொரு 7 மி.மீ. இரண்டு பிழையும் ஒரே பக்கம் சாய்வதால் கூடிக்கொள்ளும். ஏலகிரி மேலே போய் அதே எண்ணை வைத்துக்கொண்டால் இன்னும் மோசம். சின்னதாக ஒரு பாரோமீட்டரும் நிழலில் பிடித்த வெப்பமானியும் போதும்.

நூறு மீட்டருக்குள் ஷெட் வேலை என்றால் இது 2, 3 மி.மீ.க்குள் அடங்கிவிடும்.

இரண்டு செகண்ட் கருவி வாங்கலாமா, ஐந்து செகண்டா?

இங்கே செகண்ட் என்பது நேரமல்ல, ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு கோணம். ஒரு செகண்ட் கோணம் 100 மீட்டரில் அரை மி.மீ.; ஐந்து செகண்ட் 2.4 மி.மீ. உங்கள் தூரத்தை வைத்து முடிவு செய்யுங்கள். இரண்டு முகத்திலும் (தொலைநோக்கியைப் புரட்டி மறுபக்கமாகவும்) படிக்காமல் இரண்டு செகண்ட் கருவி வைத்திருப்பதைவிட, இரு முகம் படித்துச் சராசரி எடுக்கும் ஐந்து செகண்ட் கருவிக்காரரை நான் நம்புவேன்.

நீங்கள் தவறு செய்ததுண்டா?

உண்டு. மறைக்கவில்லை, மற்றவர்களுக்கு உதவட்டும்.

ஒரு தொழிற்சாலையில் 24 மீட்டர் அகல ஷெட். கிழக்கு வரிசை பில்லர்களின் போல்ட்டை முதல் நாள் குறித்தோம். மறுநாள் எங்கள் பிரிசம் (டோட்டல் ஸ்டேஷனின் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) வேறு தளத்துக்குப் போய்விட்டதால் வாடகைக்கு ஒன்று வாங்கி மேற்கு வரிசையைக் குறித்தோம். ஒவ்வொரு பிரிசத்துக்கும் ஒரு மாறிலி, அதாவது அளந்த தூரத்தில் கருவி திருத்திக்கொள்ள வேண்டிய எண், உண்டு. சிலதுக்கு 0, சிலதுக்கு −30 மி.மீ. எங்களுடையது −30. வாடகைக்கு வந்தது 0. கருவியில் மாற்றவில்லை. கருவி ஒவ்வொரு தூரத்திலும் 30 மி.மீ.யைக் கழித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் புள்ளியை 30 மி.மீ. தள்ளித் தள்ளி வைத்தோம்.

மேற்கு வரிசைக்குள் எல்லாம் அழகாக இருந்தது. பில்லருக்குப் பில்லர் ஆறு மீட்டர் சரி, நேர்க்கோடு சரி. எல்லாப் புள்ளியும் ஒரே அளவு தள்ளிப் போனால் உள்ளே எதுவும் காட்டிக்கொடுக்காது. ஆறு குழிக்குக் காங்கிரீட் போட்ட பிறகு, காலையில் மேஸ்திரி தன் இரும்பு டேப்பைக் குறுக்கே இழுத்துப் பார்த்து "சார், இருபத்திநாலு மீட்டர் மூணு சென்டி வருதே" என்றார். உங்கள் டேப் தப்பு மேஸ்திரி என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது. அவர் பதிலே பேசாமல் டேப்பின் இன்னொரு முனையை என் கையில் கொடுத்தார். நானே பிடித்துப் பார்த்தேன். 24.030.

ஆறு குழியையும் உடைத்த செலவு என்னுடையது. அன்றிலிருந்து எந்தப் பிரிசம் கைக்கு வந்தாலும் ஒரு நேர்க்கோட்டில் மூன்று புள்ளி வைத்துச் சோதிக்கிறேன். முதலிலிருந்து நடு, நடுவிலிருந்து கடைசி: இரண்டையும் கூட்டுங்கள். முதலிலிருந்து கடைசி வரை ஒரே வீச்சில் எடுத்ததைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் பிழை. பத்து நிமிட வேலை.

லெவல் சரியாக இருக்கிறதா என்று தளத்திலேயே பார்க்க முடியுமா?

முடியும், மாதம் ஒருமுறையாவது பாருங்கள். வண்டியில் குலுங்கி வந்தால் அன்றே பாருங்கள். 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடியுங்கள். கருவியைச் சரிநடுவில் வைத்து இரண்டையும் படியுங்கள். ஒன்றில் 1.432, மற்றதில் 1.187 என்று வைத்துக்கொள்வோம்: உயர வித்தியாசம் 0.245. கருவி சாய்ந்து பார்த்தாலும் இரு பக்கமும் ஒரே அளவு சாய்வதால் இந்த எண் உண்மை. இப்போது கருவியை இரண்டாவது முளைக்கு இரண்டு மீட்டர் பக்கத்தில் கொண்டுபோய் மறுபடி படியுங்கள். 1.656, 1.405 வந்தால் வித்தியாசம் 0.251. அந்த 6 மி.மீ. கருவியின் சாய்வு. உடனே சர்வீஸ். அதுவரை அவசரம் என்றால், நடுவில் வைத்து மட்டும் வேலை செய்யுங்கள்.

தண்ணி டியூப் மட்டம் பழசாகிவிட்டதா?

பழசு, ஆனால் தோற்கவில்லை. கருவி வைக்கவே இடமில்லாத மிஷின் காலுக்குக் கீழே, சுவருக்கு அந்தப் பக்கம், இன்னமும் அதைத்தான் எடுக்கிறேன். குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது; டியூப் முழுக்கத் தட்டித் தட்டிப் பாருங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது: டியூபின் ஒரு பாதி வெயிலிலும் மறுபாதி நிழலிலும் தொங்கினால், சூடான பக்கத்துத் தண்ணீர் லேசாகி மட்டம் உயர்ந்து நிற்கும். டியூபைத் தரையோடு கிடத்தி, நின்றிருக்கும் பகுதியைக் குட்டையாக வைத்தால் இந்தப் பிழை வெகுவாகக் குறையும்.

ஜி.பி.எஸ். கருவி வேலூரின் உயரத்தை 125, 130 மீட்டர் என்கிறது. ஊர் 215 மீட்டருக்கு மேல் அல்லவா? கருவி கெட்டுவிட்டதா?

கருவி நன்றாகத்தான் இருக்கிறது. இரண்டும் இரு வேறு தரையிலிருந்து அளந்த உயரம்.

ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் கீழே சின்னதாக எழுதியிருக்கும் உயரம் சராசரிக் கடல்மட்டத்திலிருந்து. அலை அளக்கும் நிலையங்களிலிருந்து உள்நாட்டுக்கு லெவல் வைத்துக் கொண்டுவந்த எண்கள் அவை. பழைய பெஞ்ச்மார்க்குகளின் (உயரம் கண்டு குறித்து வைத்த நிலைப்புள்ளிகள்) கணக்கு ஒன்பது துறைமுக நிலையங்களை வைத்து 1909-இல் தீர்த்தது. ஜி.பி.எஸ். கடலைப் பார்ப்பதில்லை. பூமிக்குப் பொருத்திய ஒரு வழவழப்பான கணித நீள்கோளத்திலிருந்து உயரம் சொல்கிறது.

உண்மையான கடல்மட்டம் அந்தக் கோளத்தோடு ஒட்டிப் போவதில்லை. ஈர்ப்பு எங்கே குறைவோ அங்கே தாழ்ந்திருக்கும். உலகிலேயே ஆழமான அந்தப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே, நூறு மீட்டருக்கும் மேல். அதன் வடசரிவில்தான் தமிழ்நாடு உட்கார்ந்திருக்கிறது. நம் பக்கம் வித்தியாசம் ஏறத்தாழ 90 மீட்டர். மெரினா மணலில் நின்று பார்த்தால் ஜி.பி.எஸ். உயரம் கழித்தல் குறியோடு வரும். பிள்ளைகள் முதல்முறை பார்க்கும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்!

வேலைக்கு இதனால் என்ன? வாய்க்கால், சாக்கடை, பைப்லைன் எதுவானாலும் ஜி.பி.எஸ். உயரத்தை நேராக நம்பாதீர்கள். பக்கத்துப் பெஞ்ச்மார்க்கில் வைத்து வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, தளத்தின் இரு முனையிலும் சரிபாருங்கள். ஒரு ஊரில் கண்ட வித்தியாசத்தை இருபது கிலோமீட்டர் தள்ளி எடுத்துப் போகாதீர்கள். அது கிழக்கே போகப்போக மாறிக்கொண்டே வருகிறது.

ஜி.பி.எஸ். புள்ளிகளிலிருந்து கணக்கிட்ட தூரமும் டோட்டல் ஸ்டேஷன் தூரமும் ஒத்துவரவில்லை. யார் தப்பு?

யாரும் தப்பில்லை. உருண்டையைத் தாளில் விரித்தால் எங்கேயாவது இழுபடும். யு.டி.எம். என்ற உலக வரைபடக் கட்டத்தில் நாம் 44-ஆம் மண்டலம். அதன் நடுக்கோடு 81 டிகிரி கிழக்கு, நெல்லூர் கடலுக்கும் அப்பால். அங்கிருந்து மேற்கே விலக விலகத் தாள் தூரம் நிலத் தூரத்தைவிட நீளும். வேலூரில், உயரத் திருத்தமும் சேர்த்தால், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 செ.மீ. கூடுதல். திருப்பத்தூர் மண்டலத்தின் ஓரத்தில் இருப்பதால் 40 செ.மீ. வரை போகும். வேலூரில் பழகிய ஆள் திருப்பத்தூரில் வேலை எடுத்தால் திகைப்பது இதனால்தான். தொழிற்சாலைக்குள் எப்போதும் தளத்துக்கென்று தனி அளவுக் கட்டம் வைத்துக்கொள்ளுங்கள்; 1000, 1000 என்று ஒரு மூலையில் தொடங்கினால் போதும்.

பட்டா நிலத்தின் எல்லையை மொபைல் ஜி.பி.எஸ். வைத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். திறந்த வெளியிலேயே 3 முதல் 5 மீட்டர் தள்ளிக் காட்டும். ஒரு வீட்டு மனையில் அது ஒரு அறை. ஆர்.டி.கே. கருவி (நிலையான ஒரு நிலையத்திலிருந்து உடனுக்குடன் திருத்தம் வாங்கும் ஜி.பி.எஸ்.) சில செ.மீ.க்குள் தரும், சர்வே ஆஃப் இந்தியா நாடெங்கும் நிறுவியிருக்கும் நிரந்தர நிலையங்களின் சேவையும் இப்போது கிடைக்கிறது. ஆனாலும் எல்லை என்பது எஃப்.எம்.பி.யில் (அரசு நில அளவைப் புத்தகப் படம்) இருக்கும் கோடும் நிலத்தில் இருக்கும் கல்லும். பழைய படத்தில் அளவு லிங்க் கணக்கில் இருந்தால் ஒரு லிங்க் 20.1168 செ.மீ.; நூறு லிங்க் ஒரு செயின், பத்து சதுரச் செயின் ஒரு ஏக்கர். நான் அளந்து தருவது உங்கள் தகவலுக்கு. தகராறு என்றால் தாலுகா ஆபீசில் மனு போட்டு அரசு சர்வேயரை வைத்துத்தான் கல் நட வேண்டும். பக்கத்து நிலத்துக்காரரையும் கூப்பிட்டு நிற்க வைத்து அளந்தால் பாதி வழக்கு அங்கேயே தீரும்.

இந்தக் கருவிகள் இல்லாத காலத்தில் எப்படி இவ்வளவு சரியாக அளந்தார்கள்?

இந்தக் கேள்வி வந்தால் என்னை நிறுத்துவது கஷ்டம். வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1802 ஏப்ரல் 10 அன்று சென்னைப் பரங்கிமலையிலிருந்து ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு அடிக்கோடு (மற்ற தூரங்களைக் கணக்கிட ஆதாரமான கோடு) அளக்கத் தொடங்கினார். நூறு அடி உருக்குச் சங்கிலி, அதைத் தாங்க மரப் பெட்டிகள், பெட்டிக்குள் வெப்பமானிகள். ஏப்ரல் வெயிலில் சங்கிலி எவ்வளவு நீள்கிறது என்று ஒவ்வொரு முறையும் குறித்துத் திருத்தினார்கள். அந்த அடிக்கோட்டிலிருந்து மலைக்கு மலை முக்கோணம் கட்டிக்கொண்டு நம் வட்டாரத்து மலைகள் வழியாகப் பெங்களூர் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே 1804-இல் மறுபடி ஒரு அடிக்கோட்டைத் தரையிலேயே சங்கிலி போட்டு அளந்து, முக்கோணக் கணக்கில் வந்த நீளத்தோடு ஒப்பிட்டார்கள். பல மைல் கோட்டில் வித்தியாசம் சில அங்குலம்தான்.

அவர்களிடம் லேசர் இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் புதிதாக அளந்து தங்களையே சோதித்துக்கொண்டார்கள். மேஸ்திரி என் ஷெட்டில் டேப் பிடித்துச் செய்ததும் அதேதான்.

மிஷின் அலைன்மெண்டுக்குப் பியானோ கம்பியா, லேசர் டிராக்கரா?

நேர்க்கோடு மட்டும் வேண்டுமென்றால் கம்பி இன்னமும் அருமை. 0.4 மி.மீ. கம்பியை 20 மீட்டருக்கு இழுத்து முனையில் பத்துக் கிலோ தொங்கவிட்டால் நடுவில் 5 மி.மீ. தொய்யும், அது கணக்கில் வருவதால் கழித்துக்கொள்ளலாம். பக்கவாட்டில் தொய்வே கிடையாது. தொங்கும் எடையை எண்ணெய் வாளிக்குள் விடுங்கள், ஆட்டம் அடங்கும். மின்விசிறியை அணையுங்கள்.

லேசர் டிராக்கர் ஒரு கோளப் பிரதிபலிப்பானைத் துரத்திக்கொண்டே முப்பரிமாணத்தில் இடம் சொல்லும். பத்து மீட்டரில் ஒரு மி.மீ.யில் பத்தில் ஒரு பங்குக்குள். பெரிய ஃபேன், காகித ஆலை ரோல், சூளை உருளை போன்றவற்றுக்கு இது வரம். ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தொழில் உலகில் எல்லா அளவும் 20 டிகிரி வெப்பத்துக்குச் சொல்வதுதான் வழக்கம். நம் ஷெட்டுக்குள் ஏப்ரலில் இரும்பு 38 டிகிரியில் இருக்கும். ஆறு மீட்டர் இரும்புச் சட்டம் அப்போது 1.3 மி.மீ. நீண்டிருக்கும். லட்சக்கணக்கில் வாடகை கொடுத்து மைக்ரான் கணக்கில் அளந்துவிட்டு, சட்டத்தின் வெப்பத்தை எழுதாமல் விட்டால் அந்த அறிக்கையால் பயனில்லை. இரும்பின் மேலேயே ஒட்டிப் பார்க்கும் வெப்பமானி வையுங்கள். காற்றின் வெப்பம் வேறு.

கப்ளிங்கை டயல் (நுண்ணிய நகர்வைக் காட்டும் முள் கருவி) வைத்துச் சரி செய்தோம். ஓட்டினால் அதிர்கிறது. ஏன்?

முதலில் மிஷினின் கால் மிதக்கிறதா பாருங்கள். நான்கு போல்ட்டில் ஒன்றைத் தளர்த்தும்போது டயல் முள் நகர்ந்தால் அந்தக் காலுக்குக் கீழே இடைவெளி இருக்கிறது. ஷிம் (மெல்லிய தகடு) போடாமல் மேலே போகாதீர்கள். அடுத்து டயல் மாட்டிய கம்பியின் தொய்வு. அதையே ஒரு பைப்பில் மாட்டி உருட்டிப் பார்த்தால் தெரியும்.

மூன்றாவது வெப்பம். சுடுநீர் பம்ப்பின் மையம் பீடத்திலிருந்து 600 மி.மீ. உயரம் என்று வையுங்கள். 30 டிகிரியிலிருந்து 80-க்குப் போனால் மையம் மூன்றில் ஒரு மி.மீ. அளவுக்கு மேலே எழும். குளிர்ந்த நிலையில் சுத்தமாகச் சரி செய்த கப்ளிங், சூடானதும் கோணலாகிவிடும். எனவே குளிர்ந்திருக்கும்போது மோட்டாரை அந்த அளவுக்கு உயர்த்தி வைக்க வேண்டும். எவ்வளவு என்று பம்ப்புடன் வந்த புத்தகத்தில் இருக்கும்.

தோல் அளக்கும் மிஷின் ஒவ்வொரு முறையும் வேறு வேறு சதுர அடி காட்டுகிறதே?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை மூன்று ஊரிலும் கேட்கும் கேள்வி. தோல் சதுர அடிக் கணக்கில் விலை போவதால் இது பிழைப்புப் பிரச்சினை.

பாதிக் காரணம் தோலிலேயே இருக்கிறது. ஈரம் ஏறினால் விரியும், காய்ந்தால் சுருங்கும். டாக்கிளில் (தோலை விரித்து உலர்த்தும் சட்டம்) இழுத்து மாட்டி எடுத்தவுடன் அளந்ததும், ஒரு ராத்திரி அடுக்கி வைத்து மறுநாள் அளந்ததும் ஒன்றாக இருக்காது. விற்பவரும் வாங்குபவரும் எந்த நிலையில் அளப்பது என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

மிச்சக் காரணம் மிஷின். ஒரு மீட்டர் விட்டத்தில் கெட்டியான பிளாஸ்டிக் தகட்டில் வட்டம் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு 8.45 சதுர அடி. அதை நடுவில், இடது ஓரத்தில், வலது ஓரத்தில், திருப்பிப் போட்டு என்று காலையில் பத்துமுறை விடுங்கள். ஓரத்தில் மட்டும் மாறினால் அந்தப் பக்கத்து உணரியில் தூசியோ பழுதோ. எல்லா இடத்திலும் ஒரே அளவு மாறினால் பெல்ட்டின் வேகக் கணக்கு. வியாபாரத்துக்குப் பயன்படும் மிஷின் என்பதால் எடையளவுச் சட்டப்படி முத்திரையும் இருக்க வேண்டும். முத்திரை இருப்பதால் தினச் சோதனையை விட்டுவிடக் கூடாது.

டிப்ளமோ முடித்திருக்கிறேன். முதலில் என்ன கற்றுக்கொள்ளட்டும், அண்ணா?

ஃபீல்டு புக் எழுதக் கற்றுக்கொள் தம்பி. பென்சில், கட்டம் போட்ட கெட்டி அட்டை நோட்டு. தேதி, நேரம், வெப்பம், கருவியின் எண், பிரிசத்தின் மாறிலி, ஸ்டாஃப் பிடித்தவர் பெயர். ரப்பர் வைத்துக்கொள்ளாதே. தவறிப்போன எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு போட்டு, படிக்கும்படி விட்டு, மேலே சரியானதை எழுது. அந்த 24 மீட்டர் ஷெட்டில் பிழை எங்கே புகுந்தது என்று எனக்குக் காட்டியது, நோட்டில் இரண்டாம் நாள் பக்கத்தின் ஓரத்தில் நானே கிறுக்கியிருந்த "வாடகை பிரிசம்" என்ற இரண்டு வார்த்தைதான்.